இரண்டு ஏடுகள்: பிடோக்கிலிருந்து காணும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் வரலாறு

சிங்கப்பூரில் தமிழ்க்கல்வியின் வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தப் பள்ளி திறக்கப்பட்டது, அதனை யார் நடத்தினர், எப்போது அது மூடப்பட்டது என்பவை நமக்கு ஓரளவு தெரியும். அப்பள்ளிகளின் உள்ளே நின்ற ஆசிரியர், இன்று எதைக் கற்பிப்பது என்று எவ்வாறு முடிவு செய்தார்? மாணவர் கற்றுக்கொண்டார் என்பதை எதைக்கொண்டு அறிந்தார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியோர் குறைவு. ஒவ்வோர் ஆசிரியரிடமும் இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்று பாடக்குறிப்பேடு, மற்றொன்று மதிப்பெண் பதிவேடு. கடந்த முக்கால் நூற்றாண்டில் இவ்விரண்டும் எவ்வாறு மாறின என்பதே இவ்வுரையின் பொருள். அதனைத் தேக்காவிலிருந்து பாராமல், தீவின் கிழக்கே உள்ள பிடோக்கிலிருந்து பார்க்க விரும்புகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. பிடோக் என்னும் பெயர், தொழுகைக்கு அழைக்க முழக்கப்பட்ட பெருமுரசைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அறுபதாண்டுகளுக்கு முன்னர் அது குன்றுகளும் கம்பங்களும் தென்னைகளும் சூழ்ந்த பகுதி. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புப் பணிக்காக அக்குன்றுகளின் மண் வெட்டி எடுக்கப்பட்டது. சமமாக்கப்பட்ட நிலத்தில் 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன. மணல் தோண்டப்பட்ட பள்ளம் பின்னர் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று. 1989 நவம்பரில் பெருவிரைவு ரயிலும் வந்து சேர்ந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டியும் துறைமுகத்தை அடுத்தும் நெருங்கி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இத்தகைய புதிய பேட்டைகளுக்குப் பிரிந்து சென்றன. ஒரு புளோக்கில் இரண்டோ மூன்றோ தமிழ்க் குடும்பங்கள் என்பதே வழக்கமாயிற்று. 1989இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை அப்பரவலை நிலைப்படுத்தியது. வீடுகள் பரவியபோது பிள்ளைகளும் பள்ளிதோறும் பரவினர். ஒரு பள்ளியில் ஒருவர் அல்லது சிலர் என்ற அளவில் தமிழாசிரியரும் தனித்து நிற்க நேர்ந்தது. நம் ஆசிரியரின் ஏடுகள் மாறியதற்கு, கல்வியியல் நூல்களைக் காட்டிலும் இந்தப் பரவலே பெரிய காரணம் என்பது நம் கருத்து.

பழைய நிலையைச் சிறிது நினைவுகூர்வோம். 1834இல் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு ஒன்று இருந்தது; அது நீடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சங்கங்களும் சமய அமைப்புகளும் தமிழ்ப்பள்ளிகளை நடத்தின. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய விவேகானந்தர், சாரதாமணி பள்ளிகளும், கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியும் அவற்றுள் நன்கறியப்பட்டவை. அக்காலத்து ஆசிரியர் திண்ணைப் பள்ளி மரபின் வழிவந்தவர். எதைக் கற்பிப்பது என்பது அவர் முடிவு செய்ய வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. நூல் அதனை முடிவு செய்தது. மதிப்பீடும் எளியதே: ஒப்பிக்கும் பிள்ளை கற்ற பிள்ளை, தடுமாறும் பிள்ளை மறுநாளும் நிற்க வேண்டிய பிள்ளை.

அம்மரபை இகழ்வதற்கில்லை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பள்ளியை மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடைமுறைப்படுத்தி, 1797இல் அதுபற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போன கதை இது. நன்னூலின் பொதுப்பாயிரமோ இன்னும் நுட்பமானது. ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டாலும் கால்பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகினால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது பவணந்தியாரின் கணக்கு. வகுப்பறையில் மாணவர் பேச வேண்டும் என்று நாம் பிற்காலத்தில் பயிலரங்குகளில் கேட்டறிந்தது, நாம் மனப்பாடம் செய்த நூலிலேயே இருந்தது. மனப்பாடம் செய்ததனால் அதனைக் கவனிக்கவில்லை போலும்.

ஆசிரியர் பணி ஒரு தொழிலாக உருப்பெற்றது 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியதோடும், 1951இல் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் அமைந்ததோடும் எனலாம். ஏறத்தாழ அதே காலத்தில், 1949இல், அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். பாடத்திட்டம் வகுப்போர் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும் என்றார்: எந்த நோக்கத்திற்காகக் கற்பிக்கிறோம், அந்நோக்கத்தை எய்தத் தரவேண்டிய அனுபவங்கள் எவை, அவற்றை எவ்வாறு அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது. நான்காவது வினா முதல் வினாவோடு பிணைந்தது என்பதே அந்நூலின் சாரம். இரண்டு ஏடுகளும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்று அதனை நாம் சொல்லலாம். ஆயினும் நம் பள்ளிகளில் அவை நெடுங்காலம் வெவ்வேறு அலமாரிகளிலேயே இருந்தன.

1960 முதல் தொடக்கப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வும் நான்கு மொழிகளில் வந்தது. 1966இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இரண்டாம் மொழிக் கட்டாயம் விரிந்தது. தமிழ், தேர்வுக்குரிய பாடமாகப் பள்ளிகளில் இடம்பெற்றது பெரும்பேறு; மறுக்க இயலாது. ஆனால் மதிப்பெண் பதிவேடு பாடக்குறிப்பேட்டை விழுங்கியதும் அப்போதுதான். சென்ற ஆண்டின் வினாத்தாளில் என்ன வந்ததோ அதுவே இவ்வாண்டின் பாடத்திட்டம் என்றாயிற்று. ஆங்கிலவழிப் பள்ளிகளை நோக்கிப் பெற்றோர் நகர்ந்தபோது தமிழ்ப்பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கடைசியாக நின்ற உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அப்பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இன்று லிட்டில் இந்தியாவின் பீட்டி சாலையில் இருக்கிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பில்லாத மாணவர்க்கு அங்குக் கற்பிக்கப்படுகிறது. ஆசிரியர்க்கும் அங்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

1979இல் வெளியான கோ கெங் சுவீ அறிக்கையும் 1980இல் அமைந்த சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகமும் அடுத்த திருப்பம். பாடநூல், பயிற்சிநூல், ஆசிரியர் கையேடு, ஒலிநாடா ஆகியவை உள்நாட்டிலேயே குழுக்களால் உருவாக்கப்பட்டன. வகுப்பறையிலிருந்து சென்று அக்குழுக்களில் அமர்ந்தவர்க்கு அது பெரும்பள்ளியாக அமைந்தது. ஒரு பாடத்தை எழுதிப் பார்த்தவர்க்கே அதில் எத்தனை புதுச்சொற்கள் தாங்கும் என்பது தெரியும். மற்ற ஆசிரியர்க்கோ கையேடு வந்து சேர்ந்தது. இன்ன வாரத்தில் இன்ன பாடம் என்று அதில் அச்சாகியிருந்தது. பணி எளிதாயிற்று. எளிதானதில் ஓர் இழப்பும் இருந்தது; அதனைப் பிடோக் போன்ற இடங்களே முதலில் உணர்ந்தன.

அக்கையேடு மனத்தில் கொண்ட மாணவர் வகுப்பில் இல்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளை, தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த பிள்ளை ஆகிய மூவரும் அருகருகே அமர்ந்தனர். பிற பாடங்களில் திறனுக்கேற்ப வகுப்புகளைப் பிரிக்கலாம். தமிழ் மாணவர் ஒரு கைப்பிடி என்றிருக்கும் பள்ளியில் எதைப் பிரிப்பது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இம்மாற்றத்தை எண்களால் சொல்கிறது. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் இந்தியர் 2010இல் 36.7 விழுக்காட்டினர், 2020இல் 27.9 விழுக்காட்டினர். அதே பத்தாண்டில் ஆங்கிலம் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாயிற்று.

எனவே தனித்து நின்ற ஆசிரியர், வேறுவழியின்றிப் பாடம் வகுப்பவரானார். ஒரே பாடத்தை மூன்று படிகளில் எழுதத் தொடங்கினார். வயலும் வரப்பும் மாட்டுவண்டியும் வந்த பத்தியை ஒதுக்கி, மின்தூக்கியும் உணவங்காடி நிலையமும் வரும் பத்தியைத் தாமே எழுதினார். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்து வந்து பார்த்ததைச் சொல்லச் செய்தார். இவ்வாறு நாமும் எழுதியிருக்கிறோம். அதில் பெருமிதமும் கொண்டோம். இப்போது சிறிது ஐயம் தோன்றுகிறது. நாற்று, கதிர், களம், பதர் ஆகிய சொற்கள் வயலோடு சேர்ந்தே வருபவை. வயலை நீக்கினால் அவையும் போகும். அவற்றோடு பழமொழிகளில் பாதியும் போகும். பிள்ளை அறிந்த உலகத்தை மட்டும் பாடமாக்கினால், ஆங்கிலத்தில் அது முன்னமே அறிந்ததைத் தமிழில் மொழிபெயர்க்கும் பயிற்சியாகத் தமிழ் வகுப்பு சுருங்கிவிடும். பிடோக்கும் வேண்டும், வயலும் வேண்டும். எந்த வகுப்பில் எது முன்னர் என்பதை வகுப்பதிலேயே ஆசிரியரின் தேர்ச்சி தெரியும்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான வினாவுக்கு வருவோம். எது நல்ல தமிழ்? இதற்கு விடையில்லாமல் மதிப்பெண் இட இயலாது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலான தொலைவு நாம் அறிந்ததே. தமிழகத்துக் குழந்தை பேச்சுத் தமிழைத் தெருவிலும் வீட்டிலும் பெற்று, எழுத்துத் தமிழுக்காகப் பள்ளிக்கு வருகிறது. பிடோக்கில் உள்ள பிள்ளைக்குத் தெருவில் தமிழ் இல்லை. பல வீடுகளிலும் இல்லை. அதற்குப் பள்ளி எழுத்துத் தமிழை மட்டும் தந்தால், பாட்டியோடு பேசும் மொழி எங்கிருந்து கிடைக்கும்? பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய அமெரிக்க மொழியியலாளர் ஹாரல்ட் ஷிஃப்மன் சிங்கப்பூர் நிலையையும் ஆராய்ந்து இக்குறையைச் சுட்டினார். தேசிய கல்விக் கழகத்திலும் தரமான பேச்சுத்தமிழ் பற்றிய ஆய்வுகள் நடந்தன. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. பேச்சுத்தமிழ் என்றால் கொச்சைத்தமிழ் என்று அஞ்சியோர் பலர்; அவர்களுள் நாமும் இருந்தோம். செந்தமிழைக் காக்கவே ஆசிரியராகிறோம் என்று எண்ணிய தலைமுறைக்கு, வகுப்பறையில் 'வந்தாங்க' என்று சொல்வதே நாக்கூசும் செயல். அவ்வச்சத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவதும் சரியன்று. சிறுபான்மை மொழியொன்று தன் செம்மையையும் இழந்தால் அதனிடம் எஞ்சுவது என்ன என்பது நேர்மையான கவலை.

அக்கவலை மதிப்பெண்ணாக மாறும் இடத்தை ஒருமுறை கண்கூடாகக் கண்டோம். கிழக்கு வட்டாரப் பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர் சிலர் கூடி, ஒரே மாணவியின் வாய்மொழிப் பதிவைத் தனித்தனியே கேட்டு மதிப்பெண் இட்டோம். உணவங்காடி நிலையத்தில் ஒருவர் உண்ட தட்டை மேசையிலேயே விட்டுச் செல்லும் காட்சியைப் பற்றி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பேசியது இது: "அந்த அங்கிள் தட்ட எடுத்து வைக்கல. அது நல்லா இல்ல. அடுத்து வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

ஒருவர் பாதிக்கும் குறைவாக இட்டிருந்தார்; மற்றொருவர் முழு மதிப்பெண்ணை நெருங்கியிருந்தார். முதல்வர் 'அங்கிள்', 'வைக்கல', 'உக்காருவாங்க' என ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டிருந்தார். இரண்டாமவர், பிள்ளை தன் கருத்துக்குக் காரணம் சொன்னதையும், பிறர் நிலையில் நின்று வினா எழுப்பியதையும் குறித்திருந்தார். இருவரும் தேர்ந்த ஆசிரியர்கள். அவர்கள் அளந்த பொருள்கள்தாம் வெவ்வேறு. ஒருமணி நேர வாதத்திற்குப் பின் சில தெளிவுகள் பிறந்தன. 'வைக்கல', 'உக்காருவாங்க' ஆகியவை பேச்சில் பிழையல்ல. கருத்துக்கும் மொழிக்கும் உச்சரிப்புக்கும் தனித்தனியே நிலைகளை வரையறுத்து, ஒவ்வொரு நிலைக்கும் எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். 'அங்கிள்' பற்றி மட்டும் உடன்பாடு ஏற்படவில்லை. பெரியவர் என்று சொல்லலாமே என்றார் ஒருவர். உணவங்காடி நிலையத்தில் எவரையாவது நாம் அப்படி அழைத்ததுண்டா என்று கேட்டார் மற்றொருவர். அது இன்றுவரை தீரவில்லை.

அதுவரை பேசாதிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் கடைசியில் கேட்டார்: "இதையே எழுதச் சொன்னா அந்தப் பிள்ளை எப்படி எழுதும்?" அவ்வினாவுக்கு எவரிடமும் விடையில்லை. மறுவாரம் அவர் தம் வகுப்பில் அந்தப் பேச்சையே பலகையில் எழுதி, நண்பருக்குச் சொல்வதாக இருந்தால் எப்படி, நகர மன்றத்திற்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால் எப்படி என்று மாணவரைக்கொண்டே மாற்றுவித்தார். 'உக்காருவாங்க' 'அமர்வார்கள்' ஆயிற்று. 'அங்கிள்' பிள்ளைகளாலேயே 'வாடிக்கையாளர்' ஆனார். ஒரு மதிப்பீடு அடுத்த பாடத்தைப் பிறப்பித்தது. டைலரின் நான்காவது வினா முதல் வினாவுக்குத் திரும்பிச் சென்றதை நாம் நேரில் கண்டது அப்போதுதான்.

உலகக் கல்வியியலில் இதற்குப் பெயர் உண்டு. கற்றல் முடிந்தபின் அளப்பதையும், கற்றல் நடக்கும்போதே அதனைத் திருத்துவதற்காக அளப்பதையும் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் வேறுபடுத்தினார்; முன்னதைத் தொகுத்தறி மதிப்பீடு என்றும் பின்னதை வளரறி மதிப்பீடு என்றும் நாம் வழங்குகிறோம். 1998இல் இலண்டனைச் சேர்ந்த பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர், மதிப்பெண்ணைக் காட்டிலும் அடுத்து என்ன செய்யலாம் என்னும் குறிப்பே மாணவரை உயர்த்தும் என்று ஆய்வுகளைத் திரட்டிக் காட்டினர். சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டின் தொடக்கக்கல்வி மறுஆய்வு, கீழ்வகுப்புகளில் முழுமைசார் மதிப்பீட்டை முன்வைத்தது. தாய்மொழிகள் மறுஆய்வுக் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கோடு பேச்சுவழிக் கருத்துப்பரிமாற்றத்தையும் எழுத்துவழிக் கருத்துப்பரிமாற்றத்தையும் சேர்த்தது. அசையாப் படத்தைப் பார்த்து விவரிக்கும் வாய்மொழித் தேர்வு போய், காணொளியைப் பார்த்து உரையாடும் தேர்வு வந்தது. முன்பு மரத்தையும் பறவையையும் எண்ணிச் சொல்லியே தப்பித்த பிள்ளை, இப்போது கருத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

தேர்வைக் குறைக்கும் முடிவுகள் விரைந்து வந்தன. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்குரிய தேர்வுகள் இல்லை. அரையாண்டுத் தேர்வுகள் படிப்படியாகக் குறைந்து 2023இல் எல்லா வகுப்புகளிலும் நீங்கின. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் மதிப்பெண் முறையும் அடைவுநிலைகளாக மாறியது. ஆனால் அத்தேர்வு இருக்கிறது. ஆறாம் வகுப்பில் அது காத்திருக்கும்வரை, ஐந்தாம் வகுப்புத் தமிழாசிரியரின் பாடக்குறிப்பேட்டை அதன் நிழல் விட்டு நீங்காது; இதனைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறோம். பெற்றோர் சந்திப்பு நாளில் தாய் ஒருவர் எழுப்பும் வினாவும் மாறவில்லை: "எத்தனை மார்க், டீச்சர்?" பிள்ளையின் பேச்சு எவ்வாறு வளர்ந்திருக்கிறது என்று ஆசிரியர் விளக்குவார். தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மார்க்கை மீண்டும் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. தமக்குத் தமிழ் படிக்கத் தெரியாத நிலையில், தம் பிள்ளையின் தமிழைப் பற்றி அவருக்கு விளங்கும் ஒரே சொல் அந்த எண்தான். அந்த எண்ணுக்கு ஈடாக அவர் கையில் கொடுக்கத்தக்க ஒன்றை நாம் இன்னும் உருவாக்கவில்லை. தம் பிள்ளை ஜனவரியில் பேசிய ஒலிப்பதிவையும் செப்டம்பரில் பேசிய ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும் ஆசிரியர் சிலரை அறிவோம். தமிழ் அறியாத தாயும் அவ்வேறுபாட்டைக் கேட்டுவிடுகிறார்.

2024இல் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பிலிருந்து புதிய பாடத்திட்டம் நடப்புக்கு வந்துள்ளது. அவ்வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2029இல் இறுதியாண்டுத் தேர்வு எழுதுவர். அவர்கள் எழுதப்போகும் வினாத்தாளுக்கு இன்னும் காலமிருக்கிறது. பிடோக்கில் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் தம் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைக்கும் சிறு குறிப்புகள், யார் இன்று முதன்முறையாகக் கையுயர்த்தினார், யார் 'எனக்குத் தெரியல' என்பதைத் தமிழிலேயே சொன்னார் என்பவை, இப்போதைக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.